தம்பி, நான் எப்பப்பா செத்தேன்?

என் செல்லத் தம்பி சேகருக்கு,

"தம்பி, நான் எப்பப்பா செத்தேன்?"

இந்தக் கேள்வியை உன்னிடம் முதலில் கேட்டவர் ரேஷன் கடை ஏழுமலை. உனக்கு மறந்திருக்காது. நீ செஞ்சிக்குப் பகுதிநேர நிருபராகச் சேர்ந்த புதிது. அன்று காலை நம் வீட்டு வாசலில் வந்து நின்றார். ஒரு கையில் அன்றைய பேப்பர். கழுத்தில் ரோஜா மாலை. அம்மா அவரை உள்ளே கூப்பிடுவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றாள்.

"என் மச்சான் தொண்டூர்லருந்து மாலையோட வந்துட்டான்மா. நான் வாசல்ல குந்தி பல்லு வெளக்கினு இருக்கறேன். வாங்கின மாலைய இன்னா பண்றதுன்னு எனக்கே போட்டுட்டுப் போய்ட்டான்" என்றார். அம்மா சிரித்துவிட்டாள். நான் முந்தானையால் வாயை மூடிக்கொண்டேன். உனக்கு மட்டும் முகம் வெளுத்துப்போனது.

இதைப் படிக்கிறவர்களுக்காக நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். டீக்கடையில் யாரோ "ஏழுமலை போயிட்டாராம்" என்று சொன்னது உன் காதில் விழுந்தது. உனக்குத் தெரிந்த ஏழுமலை ரேஷன் கடை ஊழியர் சங்கத்துக்குத் தலைவராக இருந்த கே. ஏழுமலை. உடனே எழுதி அனுப்பிவிட்டாய். போனவர் அரிசி மண்டி கோ. ஏழுமலை. 'கே'க்கும் 'கோ'வுக்கும் நடுவே ஒரு துணைக்கால்தான். அது விட்டுப்போனதில் ஒரு மனிதர் செத்துப்போனார்.

அவர் கோபப்படவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "செத்துட்டன்னு எங்க போட்டியோ அங்கயே உசுரோட இருக்கறன்னு போடு. மூலையில போட்டுடாத." நீ சரி என்று தலையாட்டினாய். சில நாள் கழித்துத் திருத்தம் வந்தது. கடைசிக்கு முந்தின பக்கத்தில், போர்வெல் விளம்பரத்துக்குக் கீழே, இரண்டு வரி. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தேடிப்பிடித்துப் படித்தார். பழைய பேப்பரையும் பக்கத்தில் விரித்துவைத்துப் பார்த்தார்.

"சாவு இம்மாம் பெரிசா இருக்குது. உசுரு இத்துனூண்டு இருக்குதே தம்பி."

அந்த வாக்கியம்தான் உன்னைப் பத்திரிகைக்காரனாக்கியது என்று நான் பல வருஷம் பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். அதற்குப் பிறகு யார் இறந்தாலும் சைக்கிளை எடுத்துக்கொண்டு நேரில் போனாய். மழையில் மண்டகப்பட்டு வரை மிதித்து, ஒரு வாத்தியாரின் முகத்தைப் பார்த்துவிட்டு, சேறோடு திரும்பி வந்து உட்கார்ந்து எழுதினாய். "போய்ப் பாக்காம ஒருத்தரையும் சாவடிக்க மாட்டேன்க்கா" என்றாய். கணக்குப் பாடத்தில் விடை வந்ததும் அதை மறுபடி சமன்பாட்டில் போட்டுச் சரிபார்க்கச் சொல்வேன் அல்லவா, அதற்கு வகுப்பில் உன்னைத்தான் உதாரணமாகச் சொல்வேன். 'என் தம்பி மாதிரி போய்ப் பாத்துட்டு வாங்கடா' என்பேன்.

அப்படிச் சொன்னவளை நீ எப்போதடா போய்ப் பார்த்தாய்?

நீ ஆங்கிலத்தில் எழுதிய தன்வரலாற்றுப் புத்தகத்தின் தமிழ் மொழிபெயர்ப்பு இந்த வருஷம்தான் வந்தது. நீ அதைப் பார்க்காமலே போய்விட்டாய். நம் ஊர்க் கிளை நூலகத்தில் வாசகர் வட்டம் ஒன்று இருக்கிறது. அதை நடத்துகிறவள் கலைவாணி, என்னிடம் படித்தவள், இப்போது மருந்துக்கடை வைத்திருக்கிறாள். உனக்காக நினைவு மலர் போடவேண்டும், நூலகத்தில் உன் படம் திறக்கவேண்டும் என்று அலைந்தவள் அவள்தான். அவள்தான் அந்தப் புத்தகத்தை முதலில் வாங்கிப் படித்தாள். ஒரு நாள் சாயங்காலம் கடையைப் பையனிடம் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தாள். காபி குடித்தாள். ஃபேனைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"டீச்சர், சாருக்கு வேற அக்கா யாருனா இருந்தாங்களா?"

"நான் ஒருத்திதான். ஏன்?"

"இல்ல... சித்தப்பா, பெரிப்பா பொண்ணு மாதிரி யாருனா?"

"இன்னாடி ஆச்சு உனக்கு?"

அவள் பையிலிருந்து புத்தகத்தை எடுத்து, அடையாளம் வைத்திருந்த பக்கத்தைப் பிரித்து, என் மடியில் வைத்துவிட்டுக் காபி டம்ளரைக் கழுவப் போய்விட்டாள்.

அங்கே நான் செத்துக்கொண்டிருந்தேன்.

மஞ்சள் காமாலை. அது உண்மைதான். கண்ணெல்லாம் மஞ்சளாகி, அம்மா கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து கொடுக்க, நான் ஒரு மாதம் உப்பில்லாக் கஞ்சி குடித்துக் கிடந்தேன். நீ பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக் காட்டினாய். அதுவும் உண்மை. பிறகு நான் எழுந்து பள்ளிக்கூடம் போனேன். உன் புத்தகத்தில் நான் எழவில்லை. விடியற்காலையில் ஜன்னல் வழியாக ராஜகிரிக் கோட்டை தெரிய, உன் கையைப் பிடித்தபடி போய்ச் சேர்ந்துவிட்டேன். அதற்கு ஒரு முழு அத்தியாயம் கொடுத்திருக்கிறாய். நம் வீட்டு ஜன்னலிலிருந்து ராஜகிரி தெரியாது, அரிசி மில் சுவர்தான் தெரியும். அதை விட்டுத்தள்ளு.

என் வீட்டுக்காரரிடம், உன் மாமாவிடம், படித்துக் காட்டினேன். நீ எழுதிய செய்திக் கவர்களை விழுப்புரத்துக்குப் பஸ்ஸில் கொண்டுபோய்ச் சேர்த்த அதே கண்டக்டர்தானே அவர். முழுவதையும் கேட்டவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அப்ப இத்தினி வருசமா நான் பேய்கூடவா குடித்தனம் பண்றேன்?"

"உங்களுக்கு எப்பவோ சந்தேகம் இருந்திருக்குமே" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். அவர் சிரித்து முடித்த பிறகு, "நானும்தான் அதுல இல்ல, கவனிச்சியா?" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரு கணக்கில் இரண்டாவது வரியை அடித்துவிட்டால் அதற்குக் கீழே உள்ள எல்லா வரியும் போய்விடும். நான் இருபத்துச் சொச்சம் வயதில் செத்துவிட்டால் உன் மாமா இல்லை. என் மகள் இல்லை. நான் சாக்பீஸ் தூளை ஊதிக்கொண்டு நின்ற வகுப்பறைகள் இல்லை. கலைவாணி யாரிடம் பெருக்கல் படித்தாள்? அம்மாவைக் கடைசி வரை குளிப்பாட்டியது யார்?

புத்தகத்தில் அம்மா தனியாக இருந்து, தனியாகப் போகிறாள். அதைப் படித்து எத்தனை பேர் அழுதார்களோ. எனக்கு அழுகை வரவில்லை. 

இன்னொன்று கேள். உன் ஆங்கிலப் புத்தகம் வந்தபோது நீயே ஒரு பிரதி அனுப்பினாய். 'அக்காவுக்கு' என்று தமிழில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தாய். போனில், "இது உனக்கு போரடிக்கும்க்கா. இங்க இருக்கறவங்களுக்காக எழுதினது. படிக்கணும்னு கஷ்டப்படாத" என்றாய். எனக்கு ஆங்கிலம் மெதுவாகத்தான் வரும். முதல் அத்தியாயத்தைத் தாண்டவில்லை. அதை ஷோகேஸில் என் மகள் வாங்கிய பரிசுக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தேன். வீட்டுக்கு வருகிறவர்களிடம் எல்லாம் எடுத்துக் காட்டினேன். என் சாவை நானே கண்ணாடிக்குள் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தேன். கையெழுத்துப் போடும்போது உனக்கு ஒன்றும் தோன்றவில்லையா சேகர்?

நீ பட்ட பாடு எனக்குத் தெரியும். சென்னையில் செய்தி மேசையில் இரவு வேலை. அந்தப் பத்திரிகை மூடியதும் பஹ்ரைனுக்கு ஒரு அச்சகத்தில் பிழை திருத்தப் போனாய். அங்கிருந்து கனடா. பிஸ்கட் கம்பெனியில் இரவெல்லாம் பெட்டி அடுக்கிவிட்டு, பகலில் அங்கே வரும் தமிழ் வாரப் பத்திரிகைக்குச் செய்தி சேகரித்தாய். கல்யாண மண்டபம், கோயில் திருவிழா, யாராவது இறந்தால் அவர்கள் வீடு. பனியில் பஸ் பிடித்து நேரில் போய்ப் பார்த்துவிட்டு எழுதியதாகச் சொன்னாய். அதைக் கேட்டு நான் பெருமைப்பட்டேன். பிறகு ஆங்கிலத்தில் எழுத ஆரம்பித்தாய். ஒரு கட்டுரை, இரண்டு கட்டுரை, அப்புறம் புத்தகம், பரிசு, மேடை. 'செஞ்சியிலிருந்து வந்த எழுத்தாளர்' என்று போட்டார்கள். இதெல்லாம் யாரும் தூக்கிக் கொடுத்ததில்லை, உன் உழைப்பு.

ரேஷன் கடை ஏழுமலை உண்மையாகவே இறந்தபோது நீ டொரொண்டோவில் இருந்தாய். நான் போனில் சொன்னேன். முதலில் நீ கேட்டது என்ன தெரியுமா? "போய் மொகத்தப் பாத்தியாக்கா?" பார்த்தேன் என்று சொன்ன பிறகுதான் அழுதாய். அந்த வாரம் நீ என்னைச் சாகடித்த அத்தியாயத்தை எழுதி முடித்திருப்பாய் என்று இப்போது கணக்குப் போடுகிறேன். அவரை நான் போய்ப் பார்த்தேனா என்று கேட்டாய். என்னை மட்டும் யாரையும் கேட்காமல் முடித்துவிட்டாய்.

இவ்வளவையும் நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். கதைக்கு அழகு வேண்டும் என்று செய்தான், பரதேசத்தில் அவனுக்கு என்ன நெருக்கடியோ என்று என்னையே சமாதானப்படுத்தியிருப்பேன். ஆனால் சாகிறவளின் வாயில் நீ ஒரு வாக்கியம் வைத்திருக்கிறாய்.

'கோட்டை எங்கும் போய்விடாது. நீ போ.'

நான் 'போய்விடாது' என்று பேசுகிறவளாடா? அதுகூடப் போகட்டும். மொழிபெயர்த்தவர் அப்படி எழுதியிருப்பார். ஆனால் 'நீ போ' என்று நான் எப்போது சொன்னேன்?

நீ பஹ்ரைனுக்குக் கிளம்பிய நாள். பஸ் ஸ்டாண்டில் சென்னை வண்டி உறுமிக்கொண்டு நின்றது. நம்மைப் பெற்ற நைனா இறந்து வருஷம் திரும்பவில்லை. அம்மா இடுப்பு முறிந்து படுக்கையில் இருந்தாள். நீ ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாய். நான் கீழே நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"போவாதடா சேகரு. அம்மாவ வெச்சிகினு நான் ஒண்டியா இன்னா பண்ணுவேன்?"

"ரெண்டு வருசம்க்கா. கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள வந்துடுவேன்."

"போவாதன்றேன்."

பஸ் நகர்ந்தது. என் கையைக் கம்பியிலிருந்து எடுத்துவிட்டது நீதான். இதுதான் நடந்தது. அந்தப் பஸ் ஸ்டாண்ட் உன் புத்தகத்தில் எங்கேயும் இல்லை.

என் 'போவாத'விலிருந்து பின்பாதியை வெட்டிவிட்டு 'போ'வை மட்டும் எடுத்துக்கொண்டாய். ஏழுமலைக்கு நீ செய்தது கவனக்குறைவு. எனக்குச் செய்தது அப்படியில்லை.

புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் இருக்கும் விடையைப் பார்த்துவிட்டு, நடுவில் வழியைத் தானாக நிரப்பும் பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் உண்டு. விடை சரியாக இருக்கும். துக்கம் என்ற உன் விடையும் சரிதான், நீ எங்களை நினைத்துத் தவித்தது பொய்யில்லை. ஆனால் வழி முழுக்கத் தப்பு. அந்த மாதிரிப் பிள்ளைகளுக்கு நான் மதிப்பெண் கொடுத்ததே இல்லை.

ஏன் இப்படிச் செய்தாய் என்று பல நாள் யோசித்தேன். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நீ போன் செய்வாய். பேசி முடிக்கும்போது நான் கேட்பேன், "எப்ப வர்ற?" நீ "பாக்கலாம்க்கா" என்பாய். உயிரோடு இருக்கும் அக்கா கேட்டுக்கொண்டேதான் இருப்பாள். செத்த அக்கா கேட்கமாட்டாள். போ என்று சொல்லிவிட்டுப் போய்விடுவாள். அப்படி ஒருத்தி உனக்குத் தேவைப்பட்டிருக்கிறாள். நான் கொடுக்காத அனுமதியை நீ என் பிணத்திடமிருந்து வாங்கிக்கொண்டாய்.

உன் மகன் போன் செய்தபோது, "அத்த, அப்பா போயிட்டார்" என்றான். அவன் தமிழில் எல்லாம் ஒரே மாதிரி ஒலிக்கும். நான் "எங்க?" என்று கேட்டுவிட்டேன். நீ எப்போதும் எங்காவது மேடைக்குப் போய்க்கொண்டிருப்பவன்தானே. அவன் விம்மிய பிறகுதான் புரிந்தது. வீடியோவில் உன் முகத்தைக் காட்டச் சொன்னேன். உன் சட்டப்படிதான் நடந்தேன். பார்த்த பிறகுதான் நம்பினேன்.

இப்போது நூலகத்து விஷயத்துக்கு வருகிறேன். உன் படத்துக்குக் கீழே சுவரில் எழுத எந்த வாக்கியத்தைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று உனக்கே தெரிந்திருக்கும். கலைவாணி அதைச் சொல்ல வந்தபோது தலையைத் தூக்கவில்லை.

"அந்த வரி வேணாம்டி" என்றேன்.

"டீச்சர், என் பொண்ணக் கோயமுத்தூர் காலேஜ்ல சேக்கறதுக்கு மாமியார் ஒத்துக்கவே இல்ல. அந்த வரியப் படிச்சிக் காட்டினேன். சாவறப்ப ஒரு பொம்பள சொன்னதுன்னு சொன்னதும் அவங்களே அழுதுட்டு, கூட்டினு போய்ச் சேத்துடுன்னாங்க."

"எந்தப் பொம்பள?"

"நீங்கதான் டீச்சர்."

 ஒரு பெண் படிக்கப் போயிருக்கிறாள். நான் சொல்லாத சொல்லால் போயிருக்கிறாள். நான் சொன்ன சொல்லைக் கேட்டிருந்தால் அவள் இங்கேயே இருந்திருப்பாள். அன்று ராத்திரி இந்தக் கணக்கு எனக்கு வரவில்லை. இன்றும் முழுதாக வரவில்லை.

நேற்று நூலகத்துக்குப் போனேன். பெயிண்டர் ஏணியில் நின்றுகொண்டிருந்தார். நீல எழுத்தில் வாக்கியம் முடிந்திருந்தது. அதற்குக் கீழே, கொஞ்சம் சிறியதாக, 'அக்காவின் கடைசிச் சொல்' என்று இருந்தது. நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றேன். அந்தப் பக்கம் வந்த ஒரு பெரியவர், "யாரு டீச்சர் அந்த அக்கா? பாவம்" என்றார்.

"நான்தான்" என்றேன். அவர் என் காலைப் பார்த்தார்.

கலைவாணி ஓடிவந்தாள். வரியை அழித்துவிடலாமா என்று கேட்டாள். அழிக்கவேண்டாம் என்றேன். கீழே உள்ளதை மட்டும் சுரண்டச் சொன்னேன். பெயிண்டருக்கு எரிச்சல். "யாருன்னா ஒருத்தர் முடிவு பண்ணிச் சொல்லுங்கம்மா. எத எடுக்கறது, எத வெக்கறது? நான் ஏணியிலயே குடும்பம் நடத்த முடியாது."

"அக்காவ எடுத்துட்டு சேகர்னு எழுதுங்க" என்றேன். "மேல இருக்கற எழுத்து எந்த சைஸோ, அதே சைஸ்."

அது உன் சொல் தம்பி. யாரும் உன்னைப் போ என்று சொல்லவில்லை. அம்மா சொல்லவில்லை, நான் சொல்லவில்லை. நீயே உனக்குச் சொல்லிக்கொண்டு போனாய். அதைச் சொல்ல உனக்குத் தைரியம் இருந்தது. உன் பெயரில் சொல்லத்தான் இல்லை. இப்போது உன் பெயரில் இருக்கிறது. அதைப் படித்துவிட்டு எந்தப் பெண் எந்த ஊருக்குப் போனாலும் நல்லபடி போகட்டும். அவளை அனுப்பியவன் நீ.

இந்தக் கடிதத்தை மலரில் முதலில் போடச் சொல்லியிருக்கிறேன். முதல் பக்கத்தில் அமைச்சர் வாழ்த்து வரும் என்று கலைவாணி தயங்கினாள். "வாழ்த்து நாலாம் பக்கம் போவட்டும்" என்றேன். எனக்கு நீ ஒரு அத்தியாயம் சாவு கொடுத்தாய். திருத்தம் போர்வெல் விளம்பரத்துக்குக் கீழே வரக்கூடாது.

மன்னித்துவிட்டேன் என்று எழுத நினைத்தேன். எழுத வரவில்லை. உன் புத்தகத்தைக் கிழிக்கமாட்டேன், ஒளித்துவைக்கவும் மாட்டேன். நூலகப் பிரதியில் அந்த அத்தியாயம் தொடங்கும் இடத்தில் இந்தக் கடிதத்தை ஒட்டிவைப்பேன். பக்கம் கிழிந்தால் மறுபடி எழுதி ஒட்டுவேன். இன்னொன்றும் சொல்கிறேன். எப்ப வர்ற என்று இனி உன்னைக் கேட்கமாட்டேன். நான் இருக்கும் வரை கேட்கமாட்டேன்.

இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். உங்கள் வீட்டில் உயிரோடு இருக்கும் ஒருவரைப் பற்றி அரைப் பக்கம் எழுதுங்கள். வேறு யாருக்கும் காட்டும் முன், அவர் எதிரில் உட்கார்ந்து அதைச் சத்தமாகப் படியுங்கள்.

போகாதே என்று சொன்ன, சாகாமல் இருக்கிற
உன் அக்கா,
தனலட்சுமி